கேதாரத்துக்கு நாலு டிக்கெட்

சங்கரன்கோவிலில் மூக்காண்டியின் சோடாக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரயிலை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்து வருகிறவன் வெயில் தாங்காமல் எந்த இடத்தில் நின்று துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பானோ, அந்த இடத்தில் கடை இருந்தது. பலகை எதற்கு?

ஊரில் ஐஸ் வைத்து வியாபாரம் செய்த ஒரே ஆள் அவர்தான். மரத்தூளுக்குள் புதைத்துச் சாக்கில் கட்டிய பாளம் காலை ரயிலில் வரும். அதை உளியால் கொத்திச் சர்பத்தில் போடும்போது மூக்காண்டியின் முகத்தில் ஒரு கம்பீரம் வரும். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் ஐஸ் என்ற பொருளை முதன்முதலில் தொட்டுப் பார்த்தது அவருடைய கடையில்தான். "சுடுது" என்று கையை உதறுவார்கள். "மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்பார் அவர், புதுப்பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு நாள், தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஆறுமுகச்சாமி கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். எவரெஸ்ட் உச்சியில் இரண்டு பேர் ஏறி நின்றுவிட்டார்கள் என்று செய்தி. வாசுதேவநல்லூரில் நன்செயும் தென்னந்தோப்பும் வைத்திருந்த செல்லச்சாமி பக்கத்தில் இருந்தார். வாரச் சந்தைக்கு வந்தால் மூன்று கலர் சோடா குடிக்காமல் ஊர் திரும்பாத மனுஷன். அவருடைய வயிறு எப்போதும் அவருக்கு அரை அடி முன்னால் வந்து சேரும்.

"இருபத்தொம்பதாயிரம் அடியாம்வே. மேல பூராவும் ஐஸாம்" என்றார் ஆறுமுகச்சாமி.

மூக்காண்டி ஐஸ் கொத்துவதை நிறுத்தவில்லை. "ஐஸுல என்னவே இருக்கு. இருவது வருசமா அதுகூடத்தான நான் குடித்தனம் நடத்துதேன். பழகிட்டா அது ஒண்ணும் செய்யாது. என்னைக் கொண்டு விட்டா நானும்தான் ஏறுவேன்."

"ஏறுவீரா?"

"ஏறுவேன்."

ஆறுமுகச்சாமி பேப்பரை நாலாக மடித்து வைத்தார். முப்பது வருஷம் மனு வாங்கிப் பழகியவர். ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டால் அது பதிவாகிவிட்ட மாதிரி. "அப்பம் எப்பம் போறோம்?" என்று கேட்டார்.

ஒரு மாதத்துக்குள் எவரெஸ்ட் கைவிடப்பட்டது. அங்கே கோயில் கிடையாது என்று தெரிந்ததும் செல்லச்சாமி, "அவ்வளவு தூரம் ஏறிப்போயி கும்பிட ஒண்ணும் இல்லைன்னா என்னத்துக்கு ஏற?" என்று கேட்டுவிட்டார். அடுத்துக் கைலாசம் பேசப்பட்டது. அது வேறு தேசத்துக்குள் இருக்கிறது என்று ஆறுமுகச்சாமி சொன்னதும் அதையும் விட்டார்கள். கடைசியில் கேதார்நாத் என்று முடிவாயிற்று. பதினோராயிரத்துச் சொச்சம் அடி. பாதிகூட இல்லையே என்று மூக்காண்டி குறைப்பட்டுக்கொண்டார். பிறகு மற்றவர்களுக்காக ஒத்துக்கொண்டார்.

ஆறுமுகச்சாமியின் மனைவி சுந்தரம்மாள் தானும் வருவதாகச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற மனுஷனை இமயமலைக்குத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை. ஆக நாலு பேர். மூக்காண்டி தலைவர். ஐஸோடு பழகியவர் என்பதால் அதற்குப் போட்டியே இல்லை.

மூக்காண்டி தன் மனைவி வள்ளித்தாயிடம் யோசனை கேட்கவில்லை, செய்தியாகச் சொன்னார். அவள் கடைக்குப் பின்கட்டில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாற வைகாசிக்குக் கேதாரம் போறேன்."

"கடையை யாரு பாக்கது?"

"நீதான்."

"சரி" என்று சொல்லி அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கூட்டம் ஓய்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கடைக்குள் யோசனைக் கூட்டம் நடந்தது. சோடாப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். காசியில் ஒரு சத்திரத்தில் கணக்குப் பார்த்த பழைய சிநேகிதருக்கு ஆறுமுகச்சாமி எழுதிப் போட்டு, பாதை விவரங்களை வரவழைத்திருந்தார். அதைச் சர்க்கார் உத்தரவு மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடை. வழி நெடுகிலும் இரவு தங்குவதற்குச் சட்டிகள் உண்டு."

செல்லச்சாமி கையை உயர்த்தினார். "சட்டிக்குள்ள எப்படிவே தங்குறது?"

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். மூக்காண்டி சற்று யோசித்தார். "பெரிய சட்டியா இருக்கும். குளிருக்கு அடக்கமா இருக்கட்டும்னு செஞ்சிருப்பான்."

"மண்சட்டியா இரும்புச்சட்டியான்னு கேட்டு எழுதுங்க" என்றாள் சுந்தரம்மாள். "இரும்புன்னா கீழே சீலையை மடிச்சுப் போடணும்."

ஆறுமுகச்சாமி உண்மையாகவே எழுதிக் கேட்டார். வடக்கே அந்தப் பாதையில் தங்கும் குடிசைகளுக்குச் சட்டி என்று பெயர் என்று பதில் வந்தது. சங்கரன்கோவிலில் எல்லாரும் சுகமா என்ற விசாரிப்பு அதில் இரண்டு தடவை இருந்தது.

அடுத்த ஆபத்து பருப்பினால் வந்தது. உயரம் போகப் போகப் பருப்பு வேகாது என்று காசிக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார். செல்லச்சாமி அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பருப்பு வேகாத எடத்துல மனுசன் எப்படிவே இருப்பான். நான் வரலை."

இரண்டு சந்தைக்கு அவர் கடைப்பக்கம் வரவில்லை. ஆள் குறைந்தால் போட்டு வைத்த கணக்கையெல்லாம் மாற்றிப் போட வேண்டும் என்று ஆறுமுகச்சாமி தவித்தார். கடைசியில் வள்ளித்தாய்தான் சொல்லி அனுப்பினாள்: பருப்பை இங்கேயே வறுத்துத் திரித்துப் பொடியாகக் கொண்டுபோனால் வேகிறது வேகாதது என்ற பேச்சே இல்லை. செல்லச்சாமி மறு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஊறுகாய்க்குப் புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு மூட்டை தன் பொறுப்பு என்றார்.

குளிருக்குத்தான் யாரிடமும் மருந்து இல்லை. கடைத்தெருவில் கம்பளியும் ஜமுக்காளமும் விற்ற மைதீன் பாட்சா, சண்டைக் காலத்தில் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் வேலை பார்த்து இரண்டு பனிக்காலம் குவெட்டாவில் இருந்தவர். அவரிடம் போனார்கள்.

"பாய், குளிரு எப்படி இருக்கும்?"

மைதீன் பாட்சா மடித்துக்கொண்டிருந்த ஜமுக்காளத்தைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, வெயிலு வெளிய இருந்து வரும். குளிரு உள்ள இருந்து வரும். நம்ம எலும்பு நமக்கு எதிரியா ஆயிரும்."

இதைக் கேட்டதும் செல்லச்சாமிக்கு அங்கேயே உடம்பு நடுங்கிற்று. மைதீன் பாட்சா மதுரைக்குப் போனபோது பட்டாளத்தார் கழித்துவிட்ட கம்பளிக் கோட்டுகள் நாலு வாங்கி வந்து கொடுத்தார். ஆறடி வெள்ளைக்காரனுக்குத் தைத்தவை. ஆறுமுகச்சாமி போட்டுக்கொண்டபோது கீழே பாதமும் தெரியவில்லை, பக்கத்தில் கையும் தெரியவில்லை. கோட்டு தானாக நடந்து வருகிறது என்று நினைத்து ரத வீதியில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

குளிரைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். புரட்டாசி மாதம் ஒரு பகலில் வழக்கத்துக்கு மேல் இரண்டு பாளம் வரவழைத்துக் கடைக்குள் சாக்கு விரித்து வைத்தார். மூன்று ஆண்களும் கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு, வெறுங்காலைப் பாளத்தின் மேல் வைத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கீழே கால் மரத்துப்போயிற்று. மேலே கோட்டுக்குள் உடம்பு வெந்தது. புரட்டாசி வெயில் எங்கள் பக்கம் சித்திரைக்குச் சளைத்ததில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எழுந்திருக்க மூன்று பேருக்கும் வெட்கம்.

முதலில் ஆறுமுகச்சாமி சாய்ந்தார். மயங்கியவருக்குச் சோடா தெளிப்பது ஊர் வழக்கம். சோடாக் கடையிலேயே மயங்கினால் கேட்க வேண்டுமா. ஆளுக்கொரு பாட்டிலை உடைத்து முகத்தில் அடித்தார்கள். நனைந்த கோட்டைப் பொத்தான் கழற்றி உரித்தெடுக்க மைதீன் பாட்சா ஓடி வர வேண்டியிருந்தது.

"குளிரு தாங்காம மயங்கிட்டாரு" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். ஊரில் அப்படித்தான் பரவியது.

மாசி மாதம் மலை ஏறிப் பார்ப்பது என்று ஏற்பாடு. வாசுதேவநல்லூருக்கு மேற்கே, செல்லச்சாமியின் ஆட்கள் விறகுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. மேலே ஒரு மொட்டைப் பாறை. அதுவரை போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சோறு கட்டிக்கொண்டு வள்ளித்தாயும் வந்தாள். அவள் பிறந்த ஊர் ராயகிரி. சின்ன வயதில் அந்த மலைப்பக்கம் ஆடு பத்திக்கொண்டு திரிந்தவள் என்பதால் வழியெல்லாம் செடி கொடிகளைப் பார்த்து, பழைய சொந்தக்காரர்களைக் கண்டவள் மாதிரி நின்று நின்று வந்தாள்.

மூக்காண்டி முன்னால் போனார். கையில் ஒரு கம்பு. மூச்சை எப்படி விட வேண்டும், காலை எப்படி வைக்க வேண்டும் என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே ஏறினார். மரங்கள் இருந்தவரை ஒன்றும் இல்லை. ஒரு திருப்பத்தில் மரம் முடிந்து பாறை தொடங்கியது. இடது பக்கம் சரிவு. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் மூக்காண்டி தற்செயலாகக் கீழே பார்த்தார். வாசுதேவநல்லூர்ப் பெரிய குளம் ஒரு தாம்பாளம் அளவுக்குக் கிடந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பாறை இடுக்கில் முளைத்திருந்த புல்லை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"என்னவே?" என்று பின்னால் வந்த செல்லச்சாமி கேட்டார். கிட்டே வந்து முகத்தைப் பார்த்தார். வேர்வை வழிந்துகொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

ஆறுமுகச்சாமி வாயில் விரலை வைத்தார். "பேசாதீரும். தியானத்துல இருக்காரு. மலை ஏறுனா சில பேருக்கு அப்படி வரும்னு படிச்சிருக்கேன்."

சுந்தரம்மாள் பயபக்தியோடு பாறையில் விழுந்து கும்பிட்டாள். செல்லச்சாமி செருப்பைக் கழற்றினார்.

தலையில் சோற்றுக் கூடையும் இடுப்பில் தண்ணீர்ப் பானையுமாக வள்ளித்தாய் அப்புறம் வந்து சேர்ந்தாள். புருஷனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. புல்லைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். மடங்கிப்போயிருந்த கால் கட்டைவிரலைப் பார்த்தாள். கூடையைச் சுந்தரம்மாள் கையில் கொடுத்து, "நீங்க மேல போயி சாப்பிட்டுக்கிட்டு இருங்க மதினி. இவுக எந்திரிக்க நேரமாவும்" என்றாள்.

அவர்கள் ஓசைப்படாமல் கடந்து போனார்கள். வள்ளித்தாய் புருஷனுக்கும் சரிவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"கண்ணைத் தெறக்காதீங்க."

"தெறக்கலை."

"தலை சுத்துதா?"

"தலை சுத்தலை. மலை சுத்துது."

வள்ளித்தாய்க்கு வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. அதிலிருந்து ஒரு சாமான் எடுக்க வேண்டுமென்றால் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஏணியை அவள்தான் போடுவாள், அவள்தான் ஏறுவாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து எத்தனையோ முறை ஏசியிருக்கிறாள்.

"அப்பம் பரணுக்கும் இதானா?"

"பரணுக்கும் இதான்."

"சொல்லியிருக்கலாம்லா."

"எப்பம் சொல்ல? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பச் சொன்னாள். தான் ஒரு அடி கீழே இறங்கி நின்று, அவருடைய காலைப் பிடித்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். பிறகு இன்னொரு காலை வைத்தாள். அப்படியே பின்பக்கமாக, குழந்தை கட்டிலை விட்டு இறங்குவதுபோல, மூக்காண்டி மரங்கள் இருந்த இடம்வரை வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் அவர் கண் திறக்கவில்லை. அவள் புளிக்கு என்ன விலை, புளியங்குடியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு மாமியார் எப்படி என்று பேசிக்கொண்டே வந்தாள்.

மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது பாறையில் ஆள் இல்லை. கீழே வந்து பார்த்தால் மூக்காண்டி ஒரு மரத்தடியில் தெளிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எப்படி இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. வள்ளித்தாய் வாய் திறக்கவில்லை. அது போதாதா?

மூக்காண்டிக்கு மலையில் நிஷ்டை கூடிவிட்டது என்று சங்கரன்கோவிலில் பேசினார்கள். கால் தரையில் படாமல் இறங்கினார் என்று புளியங்குடிச் சந்தையில் பேசினார்கள். கடைக்கு வருகிறவர்கள் சோடாவைக் குடித்துவிட்டு, போகும்போது ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்கள். மூக்காண்டி மறுத்துச் சொல்லத்தான் வாயெடுப்பார். "பெரியவங்க எப்பமும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று மேலும் ஒரு கும்பிடு விழும். வியாபாரம் இரண்டு மடங்காயிற்று. அவருக்கு உறக்கம் போயிற்று. இமயமலைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

பங்குனியில் பூமாரி என்ற பெண் ராயகிரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தாள். நாலு வயதுப் பிள்ளை. பேச்சு வரவில்லை.

"சாமி, தலையில ஒரு தடவை கையை வையுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

மூக்காண்டி நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். வெயிலில் வந்த அவளுடைய பாதம் புழுதியேறிக் கிடந்தது. பிள்ளைக்குச் சர்பத் கலந்து கொடுத்தார். "நான் சாமி இல்ல தாயி. சோடாக்காரன். பிள்ளையைத் தென்காசிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டு" என்று சொல்லி, பஸ் ஏற்றிவிடக் கூடவே போனார். வழியில் அவள் மூன்று தடவை திரும்பிக் கேட்டாள். மூன்று தடவையும் அதையே சொன்னார். நாலாவது தடவை கேட்காமல் அவருடைய கையை எடுத்துத் தானே பிள்ளையின் தலையில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கூட்டம் வைத்தார். வடக்கே போய்வர நாலு பேருக்கும் ரயில் டிக்கெட் வந்து சேர்ந்திருந்த சந்தோஷத்தில் எல்லாரும் இருந்தார்கள்.

"எனக்கு உசரம்னா பயம்" என்றார் மூக்காண்டி.

ஆறுமுகச்சாமி கையிலிருந்த டிக்கெட்டுகளைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"அன்னைக்குத் தியானமும் இல்ல, மண்ணும் இல்ல. பயந்து போயி உக்காந்தேன். வள்ளித்தாய்தான் காலைப் பிடிச்சு எறக்கிவிட்டா. கேதாரத்துக்கு என்னால வர முடியாது."

சுந்தரம்மாளின் முகம் வாடிவிட்டது. "நான் விழுந்து கும்பிட்டேனே."

"அதை நீங்க திருப்பி எடுத்துக்கிடுங்க மதினி."

செல்லச்சாமி தொண்டையைக் கனைத்தார். "வே, ஒம்மகிட்ட சொல்லுததுக்கு என்ன. அன்னைக்கு நீரு மட்டும் உக்காராம இருந்தீர்னா நான் உக்காந்திருப்பேன். எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. நீரு தியானம் பண்ண நேரத்துலதான் எனக்கு மூச்சு வந்துது."

ஆறுமுகச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு மலையைப் பற்றிக் கவலை இல்லை. இந்தி தெரியாத ஊரில் வழி கேட்க நேர்ந்தால் என்ன செய்வது என்று மூன்று மாதமாகப் பயமாம். அதையும் அன்றைக்குச் சொல்லிவிட்டார். சொன்னதும் மூன்று பேருக்கும் உடம்பு லேசான மாதிரி இருந்தது.

ஆனால் நாலாவது டிக்கெட் பெஞ்சின் மேல் கிடந்தது. ரயில்வேக்கு ஒரு மனுப் போட்டு அதைத் திருப்பிவிடலாம் என்று ஆறுமுகச்சாமி காகிதம் எடுத்தார்.

"அதை எதுக்குத் திருப்பணும்?" என்று பின்கட்டிலிருந்து வள்ளித்தாய் கேட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நான் போறேன்."

மூக்காண்டி திகைத்துப் போனார். "ஏட்டி, அங்கன குளிரும்."

"குளிரட்டும்."

"பதினோராயிரம் அடி."

"அடியையா எண்ணப்போறேன். முன்னால காலு வைக்க எடம் இருந்தா போதும்."

"கடையை யாரு பாக்கது?"

"நீங்கதான்."

மூக்காண்டி செல்லச்சாமியைப் பார்த்தார், ஆறுமுகச்சாமியைப் பார்த்தார். ஒருவரும் கைகொடுக்கவில்லை. "சரி" என்றார்.

சித்திரைக் கடைசியில் அவர்கள் ரயிலேறினார்கள். போன பிறகுதான் மூக்காண்டிக்குத் தன் வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பது தெரிந்தது. உப்பு என்று நினைத்துச் சோடா உப்பைப் போட்டுச் சோறு வடித்தார். இரண்டாம் நாள் மைதீன் பாட்சாவின் மனைவி கதீஜம்மாளுக்கு விஷயம் எட்டி, அதன்பிறகு மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டிலிருந்து வந்தது.

ரிஷிகேசத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுத்து ஆறுமுகச்சாமியுடையது. 'இவ்விடம் அனைவரும் நலம். குளிர் ஆரம்பித்துள்ளது. செல்லச்சாமி அவர்களுக்கு உருளைக்கிழங்கு ஒத்துக்கொண்டது' என்று ஆபீஸ் பாஷையில் எழுதிவிட்டு, கடைசியில் வள்ளித்தாய் சொன்னதை அப்படியே சேர்த்திருந்தார்: 'புதுப்புளி பரணில் இருக்கிறது. நீங்கள் ஏற வேண்டாம். மைதீன் பாயை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.'

மூக்காண்டி அந்தக் கார்டைக் கடையில் யாருக்கும் காட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆனி மாதம் திரும்பி வந்தார்கள். ரயிலடியில் திருவிழாக் கூட்டம். செல்லச்சாமி இறங்கியபோது முதலில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வயிறு காணாமல் போயிருந்தது. வள்ளித்தாய்க்கு வெயிலும் பனியும் பட்டு மூக்குத் தோல் உரிந்திருந்தது. மற்றபடி சந்தைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி இறங்கினாள்.

கடையில் அவளை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்றார்கள். ஊர் அறிய அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மலை எப்படி இருந்துது?"

"பெருசா இருந்துது."

"ஐஸு?"

"அது பாட்டுக்குக் கெடக்கு. வெலை சொல்ல ஆளு இல்ல."

கூட்டம் ஏமாந்து போனது. சுந்தரம்மாள்தான் தூண்டிவிட்டாள். "அந்தக் காண்டிக் கதையைச் சொல்லேன்."

நடக்க முடியாதவர்களைக் கூடையில் வைத்து முதுகில் சுமந்துபோக அங்கே ஆட்கள் உண்டு. அந்தக் கூடைக்குப் பெயர் காண்டி. அது வள்ளித்தாய்க்குத் தெரியாது.

"நடை ஆரம்பிக்கிற எடத்துல நாலு பேரு ஓடி வந்து, காண்டி, காண்டிங்கான். இவுகளைத்தான் கேக்கான்னு நெனச்சேன். இவ்வளவு தூரத்துல இவுக பேரு எப்படித் தெரிஞ்சுதுன்னு ஆச்சரியமாப் போச்சு. அவுக வரலை, கடையைப் பாக்காகன்னு சொன்னேன். விடாம கேட்டான். அவுகளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காகன்னு சொல்லி அனுப்புனேன்."

சிரிப்பு ஓய நேரமாயிற்று. மூக்காண்டியும் சிரித்தார். இமயமலையில் தன்னை விசாரித்தார்கள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கடைசியில் அந்தக் காண்டிக்காரர்களில் ஒருவன்தான் செல்லச்சாமியின் மூட்டையைச் சுமந்து வந்திருக்கிறான். அவன் உடம்பில் கிழிந்த கம்பளியைப் பார்த்துவிட்டு மூக்காண்டிக்கு வாங்கிய கோட்டை வள்ளித்தாய் அவனுக்கே கொடுத்துவிட்டாளாம். அவனுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்ததாம்.

கூட்டம் கலைந்த பிறகு மூக்காண்டி ஒரு பன்னீர் சோடாவை உடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"சாமியைப் பாத்தியா?"

"பாக்கதென்ன. அங்கன நம்மளே தொட்டுக் கும்பிடலாம். யாரும் தள்ளி நில்லுன்னு சொல்லலை. பாறை மாதிரிதான் இருக்காரு. நெய்யைத் தடவி ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிக்கிட்டேன்." சோடாவை ஒரு மடக்குக் குடித்தாள். "நம்ம ஊருல கம்பிக்கு இந்தப் பக்கமே நின்னு பழகிட்டு, அம்புட்டுக் கிட்டத்துல போனதும் கேக்க வந்ததெல்லாம் மறந்து போச்சு."

"என்னதான் கேட்ட?"

"நல்லாயிருக்கியளான்னு கேட்டேன். வேற என்ன கேக்க. அந்தக் குளிருல தனியா இருக்காரு."

சோடா பாட்டில் காலியாகிறவரை மூக்காண்டி பக்கத்திலேயே நின்றார்.

அதற்குப் பிறகு புளியங்குடியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பெண்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் கழித்து எட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டத்தை அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஏற்பாடு முழுக்க மூக்காண்டி. எத்தனை கம்பளி, எவ்வளவு பருப்புப் பொடி, எந்தச் சட்டியில் மூட்டைப்பூச்சி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வருகிறேன் என்கிறவர்களை உட்காரவைத்துச் சோடா கொடுத்து, உயரம் என்றால் பயமா என்று கேட்பார். இல்லை என்று நெஞ்சைத் தட்டுகிறவர்களைத்தான் அதிகம் துருவுவார். மலையில் நின்றவர் யார், கடையில் நின்றவர் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வரும். "போனது எங்க வீட்டுல. நான் யோசனை மட்டுந்தான்" என்று அவரே சொல்லிவிடுவார்.

அந்த இரண்டாம் பயணத்துக்குக் கிளம்பிய அன்று சங்கரன்கோவில் ரயிலடியில் வண்டி நின்ற அவகாசத்தில் எட்டுப் பேருக்கும் ஜன்னல் வழியாக ஆளுக்கொரு கலர் நீட்டினார் மூக்காண்டி. அவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் கார்டு பச்சைக் கொடியை அசைத்துவிட்டார். வண்டி நகர்ந்தது. பாட்டில்கள் எல்லாம் வண்டிக்குள்ளே.

"பாட்டிலு, பாட்டிலு" என்று பிளாட்பாரத்தில் கூடவே ஓடினார்.

வள்ளித்தாய் ஜன்னலில் தலையை நீட்டி, காதில் கையை வைத்துக் கேட்டாள். வண்டிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் விழவில்லை. பத்திரமாகப் போய் வரச் சொல்கிறார் என்று நினைத்து, "சரி, சரி, நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சத்தமாகச் சொல்லிக் கையை அசைத்தாள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் மூக்காண்டி நின்றார். மூச்சு வாங்கிற்று. அவரும் கையை அசைத்தார்.